ஓட்ஸ் பிஸ்கட்டும் நனையாத ஆடுகளும்

பர்ராவுக்கு வடக்கே, பண்ணை வீடு
சனிக்கிழமை சாயங்காலம்

அன்பும், சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பயமும் கலந்த மரியாதைக்குரிய கொராலி அக்காவுக்கு,

தம்பி எரால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் உயிரோடு இருக்கிறோம். அங்கே அடிலெய்டில் நீயும், உன் வீட்டில் படுத்திருக்கும் என் மனைவி நெரிடாவும், டாக்டர் அவளுக்குப் புதிதாக வைத்த இடுப்பு மூட்டும், உன் பூனையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். மரியாதையெல்லாம் இத்துடன் முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் புகார்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் உன்னிடம் யாரால் பேச முடியும்? வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள் நீ. நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு என் பதில் வருவதற்குள் வைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் பேனாவை எடுத்தேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நெரிடாவுக்குப் படித்துக் காட்டாதே. கேட்டால், "உன் புருஷன் மழை நிலவரம் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிடு. இந்த வாரம் இங்கே நடந்த கூத்து தெரிந்தால், புது இடுப்போடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து ஓவன் முன்னால் நின்றுவிடுவாள். இன்னும் மூன்று வாரம் அவள் எங்கேயும் பயணம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது உனக்கே தெரியும்.

விஷயம் உன் பிஸ்கட். ஜனவரியில் என் இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்களே, வைத்த டாக்டர் சொன்னது இரண்டே வார்த்தை: வெண்ணெயைக் குறை, பளு தூக்காதே. நீதான் அதற்கு உரையும் விளக்கவுரையும் எழுதினாய். நெரிடாவை ஆபரேஷனுக்கு அழைத்துப்போக வந்தவள், போகிற போக்கில் என்னிடம் சத்தியம் வாங்கினாய்: அவள் திரும்பி வரும்வரை வீட்டில் ஒரே வகை பிஸ்கட்தான் இருக்க வேண்டும், அதுவும் நீ கொடுத்த குறிப்பின்படிதான் சுட வேண்டும். "வர்றவங்களுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு சுட்டா, நீ எதைத் திம்பேன்னு எனக்குத் தெரியாதாடா?" என்றாய். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் வாரம் வரப்போகிறது என்பது ஆட்டும்போது ஞாபகத்தில் இல்லை.

நீயும் இதே பண்ணையில் பிறந்தவள்தான், ஆனால் பட்டணம் போய் ஒரு ஆயுள் ஆகிவிட்டது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். நல்ல கத்தரி ஆட்கள் பண்ணையைத் தேர்ந்தெடுப்பது ஆட்டைப் பார்த்து அல்ல. காலைத் தேநீரோடு தட்டில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான். கெவ் ஹாலரன் தன் ஆட்களோடு வருஷம் தவறாமல் இங்கே வந்து நிற்பது என் முகத்துக்காக அல்ல, நெரிடாவின் ஓட்ஸ் பிஸ்கட்டுக்காக. வெண்ணெயும் கரும்புப் பாகும் சேர்ந்து உருகி, ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்குமே, அதற்காக. இந்த வருஷமோ வானிலைக்காரன் சனிக்கிழமை இரவு மழை என்று சொல்லிவிட்டான். அதற்குள் எல்லா ஆட்டையும் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் கெவ் அடுத்த பண்ணைக்குப் போய்விடுவான், ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிடும், அப்புறம் அந்த ரோமத்தை யார் எப்போது எடுப்பது? இந்த நிலைமையில்தான் உன் குறிப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தேன்.

ஞாயிறு மதியம் ஆரம்பித்தேன். தலைப்பே "இதயத்துக்கு இதமான ஓட்ஸ் பிஸ்கட்". வெண்ணெய்க்குப் பதில் மசித்த ஆப்பிள், சர்க்கரைக்குப் பதில் கனிந்த வாழைப்பழம், கரும்புப் பாகுக்குப் பதில் ஊறவைத்த பேரீச்சம்பழம், மாவுக்குப் பதில் இன்னும் கொஞ்சம் ஓட்ஸ். எல்லாவற்றுக்கும் பதில் வேறொன்று என்றால் பிஸ்கட்டுக்குப் பதிலாகவும் ஏதாவது சொல்லியிருக்கலாம், நான் பேசாமல் ரொட்டித் துண்டைக் கொடுத்திருப்பேன். ஆப்பிள் டப்பாவில் இருந்தது. வாழைப்பழம் இல்லை. தோட்டத்தில் பரங்கிக்காய் இருந்தது, அதுவும் மஞ்சள்தானே என்று வேகவைத்து மசித்துப் போட்டேன். அப்புறம் ஓட்ஸ். அக்கா, இந்த இடத்தில் நீ உன் கையாலேயே என்ன எழுதியிருந்தாய்? "எவ்வளவு குறைவாகப் பதப்படுத்தியதோ அவ்வளவு நல்லது. முழு ஓட்ஸ் உத்தமம்." முழு ஓட்ஸுக்கு நான் எங்கே போக வேண்டும்? கிடாக்களின் தீவனத்துக்கென்று கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறேனே! வயலிலிருந்து நேராக வந்தது, மெஷின் படாதது. இதைவிடக் குறைவாகப் பதப்படுத்த வேண்டுமென்றால் செடியோடு பிடுங்கித் தட்டில் வைக்க வேண்டியதுதான். உமி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். உமியில்தான் நார்ச்சத்து என்று போன கிறிஸ்துமஸுக்கு நீ ஒரு மணி நேரம் பேசியதும் ஞாபகம் இருக்கிறது.

குறிப்பில் போட்டிருந்த நேரத்துக்கு எடுத்துப் பார்த்தால் ஈர மண். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டேன். அப்போதும் மண். சரி, தானாக வெந்து தொலையட்டும் என்று ரேடியோவில் ஃபுட்பால் கேட்கப் போய்விட்டேன். நம்ம ஆட்கள் அநியாயமாகத் தோற்றார்கள். திரும்பி வந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜையில் தட்டினேன், யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து நாய் எழுந்து வாசலைப் பார்த்துக் குரைத்தது. அப்படி ஒரு பிஸ்கட்.

திங்கள் காலை முதல் சுற்று முடிந்து கத்தரிக்கும் மெஷின்கள் நின்றன. கெவ், அப்புறம் நியூசிலாந்திலிருந்து வந்திருக்கும் வைரெமு, யாரிடமும் பேசாத ட்ரெஹர்ன் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆக நான்கு கத்தரி ஆட்கள் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்தேன். வைரெமு ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளை, மரியாதை தெரிந்தவன், முழு பிஸ்கட்டை அப்படியே வாயில் போட்டான். கொஞ்ச நேரம் கொட்டகையில் அவன் தாடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அங்கிள், இதுல எலும்பு ஏதாச்சும் இருக்கா?"

"எலும்பு இல்லடா, உமி."

கெவ் தன் பல்லிடுக்கிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எரால், இது எங்களுக்குச் சுட்டதா, கிடாவுக்குச் சுட்டதா?"

"மூட்டை ஒண்ணுதான்" என்று உள்ளதைச் சொன்னேன். "உடம்புக்கு நல்லதாம். வெண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. எனக்கு அதெல்லாம் இனி ஆகாது, அக்கா உத்தரவு."

"நெரிடா எப்ப வருவா?"

"இன்னும் மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா!" துக்கச் செய்தி கேட்ட மாதிரி எல்லோரும் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார்கள். பெரிய ட்ரெஹர்ன் தன் பங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் தின்பான் போலிருக்கிறது, பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால் கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் அடியில் முட்டுக் கொடுத்திருந்தான்.

அன்று மதியம் பட்டிக்குள் ஆடுகளை அடைக்கும்போது ஒரு கொழுத்த ஆடு நகரமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. தூக்கி உள்ளே போட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது. கம்பளிப் பொதி மேல் சற்று உட்கார்ந்தேன். வேர்த்தது. வெயிலில் வேலை செய்தால் எவனுக்கும் வேர்க்கும், இதை நீ பெரிதுபடுத்தாதே, நெரிடாவிடம் மூச்சே விடாதே. கெவ் வந்து முதுகில் கை வைத்தான், மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மாப்ள, மூஞ்சி சாம்பல் பூத்துக் கெடக்கு?"

"உன் மூஞ்சி மட்டும் ரோஜாப்பூவா? உன்கூடச் சேந்து அந்த பிஸ்கட்டக் கடிச்ச களைப்புடா" என்றேன். அவன் சிரிக்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை என்றால், பிஸ்கட் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அந்தக் கோபம் செவ்வாய் காலையில் வெடித்தது. ஈர ஓட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவின் ரத்தக் கொதிப்பே அதனால்தான் வந்தது. ஈர ரோமத்தைக் கத்தரித்தால் ஆட்களுக்கு மூட்டுவலி வரும், கம்பளியும் பொதியில் மக்கும், அதனால் சந்தேகம் வந்தால் ஆளுக்கு இரண்டு ஆட்டைக் கத்தரித்துப் பார்த்துவிட்டு ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். பெரும்பான்மை 'ஈரம்' என்றால் அன்று வேலை இல்லை. பண்ணைக்காரன் வாயைத் திறக்க முடியாது. மழை பெய்தாலோ பனி கொட்டினாலோ சரி. அன்றைக்குச் சுள்ளென்று வெயில், அக்கா. அந்த வெயிலில் நின்றுகொண்டு என் பிஸ்கட் டப்பாவையே கேட்டு வாங்கி, அதற்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி எண்ணினார்கள். கெவ் நேராக என்னிடம் வந்தான்.

"ஆடு ஈரம், எரால்."

"எது ஈரம்?"

"ஆடு."

"டேய், அஞ்சு மாசமா வானம் எச்சிகூடத் துப்பல! நேத்து பூரா இதே மந்தையத்தானடா வெட்டினீங்க?"

"நேத்து காஞ்சிருந்துச்சு. இன்னைக்கு ஈரமாயிடுச்சு."

"எத்தனைக்கு எத்தனை ஓட்டு?"

"ரகசிய ஓட்டு மாப்ள. சொல்லக் கூடாது."

நான் ஒரு ஆட்டைப் பிடித்து ரோமத்துக்குள் கையை விட்டேன். கிளம்பின புழுதியில் எனக்குத் தும்மல் வந்தது. வைரெமு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "அது உள் ஈரம் அங்கிள், வெளிய தெரியாது" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்களே, அந்த ஓநாயை என் வாழ்நாளில் அன்றுதான் நேரில் பார்த்தேன். நான்கு ஓநாய்கள், என் டீயையே குடித்துக்கொண்டு. இதில் ஒன்றைக் கவனி. ஈரம் என்றால் அவர்களுக்கும் அன்று கூலி கிடையாது, ஒரு ஆட்டுக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குச் சம்பளம். கூலி போனாலும் பரவாயில்லை, இவனுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று நான்கு ஆம்பிளைகள் முடிவு கட்டினார்கள் என்றால், உன் பிஸ்கட் எப்பேர்ப்பட்ட பிஸ்கட்டாக இருக்க வேண்டும்!

அதோடு விட்டார்களா? ஈர நாள் என்றால் வழக்கமாக வண்டியேறி ஊருக்குள் போய்க் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் வருவார்கள். இந்த முறை எவனும் நகரவில்லை. என் வராந்தாவில் சீட்டாடினார்கள். என் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார்கள். கேட்காமலே என் விறகைப் பிளந்தார்கள். சரி, கடைக்காவது போய் நல்ல ஓட்ஸ் வாங்கி வரலாம் என்றால் மாட்டியிருந்த இடத்தில் வண்டிச் சாவியைக் காணோம். "நான் ஓட்டறேன் அங்கிள், நீங்க சும்மா உக்காருங்க" என்று வைரெமு சாவியைத் தன் பையிலிருந்து எடுக்கிறான்! என் வண்டி, என் சாவி, நான் பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. திரும்பி வந்து, செய்ய வேலை இல்லாததால் மதியம் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அடுத்த நாளுக்கான ஆட்டையெல்லாம் இவர்களே கொட்டகைக்குள் அடைத்து முடித்திருக்கிறார்கள். ஈர ஆட்டை நிழலில் அடைத்தால் எப்படிடா காயும் என்றால், "காத்தாட காயும்" என்கிறான் கெவ். சொல்லிவிட்டு, "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? நெஞ்சு கரிக்குதா?" என்று விசாரணை வேறு. தீவன ஓட்ஸ் எனக்கு ஜீரணமாயிற்றா என்று கிண்டல்.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாயே, நான் பேசியதில் ஒரு வார்த்தை உண்மை கிடையாது.

"பிஸ்கட் எப்படிடா இருந்துச்சு?"

"ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க அக்கா."

"பாத்தியா! வெண்ணெய் இல்லாம முடியாதுன்னியே! வேலை நல்லா நடக்குதா?"

"ஜோரா நடக்குது."

"நீ ஒண்ணும் தூக்கலியே?"

"டீ கப்பைத் தவிர எதையும் தூக்கல."

வைத்துவிட்டு உன் குறிப்பின்படியே இரண்டாம் முறை சுட்டேன். இந்த முறை கடை ஓட்ஸ், நிஜ வாழைப்பழம், பேரீச்சை, எல்லாம் நீ சொன்ன அளவு. மெத்தென்று வந்தது. எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் என்றால் கடிக்க வேண்டும், இதை வழித்துத்தான் தின்ன வேண்டும். பரிதாபப்பட்டோ என்னவோ எல்லோரும் தின்று தீர்த்தார்கள். பெரிய ட்ரெஹர்ன், நான் அறிந்து வாயே திறக்காதவன், என்னைப் பார்த்து "வாழைப்பழம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். திட்டினானா, என்ன செய்தான் என்று தெரியவில்லை. புதன் காலையில் பதில் தெரிந்துவிட்டது. டப்பா குலுங்கியது, கெவ் வந்தான், "ஆடு ஈரம்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத மாட்டேன், உன் வீட்டில் கடிதம் படிக்கிற மேஜையில் பைபிள் இருக்கிறது. சனிக்கிழமை மழை வரும்போது இந்த ஆடெல்லாம் நிஜமாகவே நனையுமே, அப்போது என்னடா பண்ணுவீங்க என்று கத்தினேன். "நாளைக்குப் பாத்துக்கலாம். கத்தாத, உள்ள போய்ப் படு" என்கிறான். என் பண்ணையில் என்னைப் போய்ப் படு என்கிறான்! அந்த நிமிடம்தான் முடிவெடுத்தேன். என்னை மன்னித்துவிடு அல்லது மன்னிக்காதே, உன் இஷ்டம். உன் குறிப்பைக் கணப்படுப்பில் போட்டுத் தீ மூட்டினேன். அந்தக் குறிப்பால் உருப்படியாக வெந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். ஃப்ரீஸரில் பட்டாணிப் பைக்குப் பின்னால் நெரிடா ஒளித்து வைத்திருந்த வெண்ணெயை எடுத்தேன். கரும்புப் பாகு டப்பாவைத் திறந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், அளவு கைக்குத் தெரியாதா என்ன? கொஞ்சம் கருகியது. ஆனால் அந்த வாசனை, அக்கா! நெரிடா பக்கத்தறையில் இருக்கிற மாதிரியே இருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீடு ரொம்ப வெறிச்சென்று இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாசனை பிடித்து நான்கு பேரும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆறட்டும் என்று ஜன்னலைத் திறக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். கெவ் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒன்று, ஒரே ஒன்று, மிச்சம் வைக்கவில்லை. காலையில் டப்பா துடைத்து வைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது, ஓட்டுச் சீட்டோடு. முடிவு? ஆடு காய்ந்துவிட்டதாம்! வெண்ணெய் உள்ளே போனது, ஈரம் வெளியே போனது. இதற்கு மேல் உனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்புறம் பார்க்க வேண்டுமே அவர்கள் வேகத்தை. வியாழனும் வெள்ளியும் ஓயவே இல்லை. சனிக்கிழமை வேலை செய்கிற வழக்கமே இல்லாதவர்கள், இன்றைக்கும் வந்து முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பட்டியில் ஆடு அடைக்கிற வேலையை வைரெமுவும் என் நாயும் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி. எழுந்தால், "அங்கிள், உக்காருங்க." கேட்டைத் திறக்கப் போனால், "அங்கிள், உக்காருங்க." வெண்ணெய் பிஸ்கட் சுட்டவனுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே சுட்டிருப்பேன். கடைசி ஆடு இறங்கிப் போனபோது மேற்கே மேகம் கறுத்திருந்தது. தப்பித்தோம்.

ஆகவே அக்கா, இதனால் நீ அறிய வேண்டியது என்னவென்றால், ஆரோக்கியமான பிஸ்கட்டால் என் இரண்டு நாள் போயிற்று, மானம் போயிற்று, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இந்த வருஷத்துக் கம்பளியும் போயிருக்கும். இனிமேல் இந்த வீட்டுக்குள் உன் குறிப்பு எதையும் அனுப்பாதே. என் இதயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு ஒன்றுமில்லை. கெவ் ஹாலரன் ஒரு பழிவாங்கி என்பதையும், அடுத்த வருஷம் வேறு ஆட்களைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன் என்பதையும் உன்னோடு வைத்துக்கொள்.

நெரிடாவுக்கு என் அன்பு. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லு, மூன்றில் ஒன்று உண்மை. உன் பூனைக்கு என் வணக்கம். நாளைக்குச் சர்ச்சில் உரக்கப் பாடு, எனக்கும் சேர்த்து. கர்த்தர் உன்னையும், உன் கடுமையையும், நீண்ட காலம் காப்பாராக.

என்றும் உன் கைக்கு அடங்கிய தம்பி,
எரால் பாஸ்கோ

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டது, கிழித்துவிட்டு எழுதுகிறேன். வேலை முடிந்த அன்று கொட்டகையில் எல்லோருக்கும் பீர் கொடுப்பது நம் அப்பா காலத்து வழக்கம் அல்லவா, அதற்காகப் போனேன். தகரக் கூரை மேல் மழை ஆரம்பித்திருந்தது. ஒரு பீர் உள்ளே போன தைரியத்தில் கேட்டேன்.

"கெவ், இப்பவாவது உண்மையச் சொல்லு. என் பிஸ்கட்டுக்காகத்தான ரெண்டு நாள் பழி வாங்கினீங்க?"

"பிஸ்கட்டா?" என்றான். மற்ற மூன்று பேரும் எங்கெங்கேயோ பார்த்தார்கள். "பிஸ்கட்டுக்காக எவனாவது கூலிய விடுவானா மாப்ள?"

"அப்ப ஆடு நெஜமாவே ஈரமா?"

"ஆடு காஞ்சுதான் இருந்துச்சு. திங்கக்கெழமை உன் முதுகுல கை வெச்சேனே, உன் சட்டைதான் ஈரம். பிழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும், தொட்டா ஐஸ். எங்கப்பனும் ஒரு நாள் இப்படித்தான் பொதி மேல உக்காந்தாரு. 'கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்'னாரு. நானும் சரின்னு போய் அடுத்த ஆட்டைப் புடிச்சேன். திரும்பி வந்து பாத்தா அவரு இல்ல." கெவ் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தான். "திங்கக்கெழமையே உன்னை ஆஸ்பத்திரிக்கு வான்னேன், என் ஆடு என்னாகும்னு என்னைத் தொரத்தினே. ஞாபகம் இருக்கா? ஓய்வெடுன்னா நீ கேக்க மாட்டே. ஆடு ஈரம்னா கேட்டுத்தான ஆவணும்? வியாழக்கெழமை உன் மூஞ்சில ரத்தம் ஓடுச்சு. ஆடும் காஞ்சிடுச்சு."

"எத்தனைக்கு எத்தனை ஓட்டு?" என்று கேட்டேன்.

"நாலுக்கு நாலு. ரெண்டு நாளும்."

"என் வெண்ணெய் பிஸ்கட்?"

"நீ தின்னுருவியேன்னு நாங்களே தின்னோம். அடி கருகல், அங்கிள்" என்றான் வைரெமு.

ஆகவே அக்கா, மேலே எழுதியதில் ஓநாய் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. ஆஸ்பத்திரிக்கு வா என்று கெவ் கூப்பிட்டதை மேலே நான் எழுதவில்லை, அதையும் சேர்த்துக்கொள். நெரிடாவுக்குப் படித்துக் காட்டாதே என்றேன், படித்துக் காட்டு, முழுவதும், சட்டை ஈரம் உட்பட. ஆனால் அவள் கைத்தடியை முதலில் எடுத்து ஒளித்து வைத்துவிடு. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன், வைரெமு கூட்டிப்போகிறான். அடுத்த பண்ணையில் வேலை இல்லையா என்றால், அங்கே ஆடு ஈரமாம். மழை கொட்டுகிறது, இந்த முறை நம்பிவிட்டேன். கெவ்தான் அடுத்த வருஷமும் வருவான்.

உன் குறிப்பை இன்னொரு முறை எழுதி அனுப்பு. பெரிய ட்ரெஹர்னுக்குச் சர்க்கரை வியாதியாம், அந்த வாழைப்பழ பிஸ்கட் அவனுக்கு வேண்டுமாம், எனக்கும் ஒரு தட்டு சுட்டுக்கொள்கிறேன். ஓட்ஸ் கடையில் வாங்க வேண்டும் என்று மட்டும் இந்த முறை தெளிவாக எழுது. வண்டிச் சாவி இன்னும் வைரெமுவின் பையில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.